சட்டைக்கு முன்னாடி நம்பரைப் பாத்தவ

நைனா,

உன் லெட்டர் வந்து பன்னண்டு நாள் ஆச்சு. பதில் எழுத இவ்ளோ நாளான்னு நினைச்சிருப்பே. எழுதாம இல்லடா, எழுதி எழுதிக் கிழிச்சதுல ஒரு நோட்டே தீந்துபோச்சு. வர்ற மாசம் உன்கூட வேலை பாக்கற பொண்ணை ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கல்யாணம் பண்ணிக்கப் போறேன்னு எழுதியிருக்கே. பொண்ணு பேரை எழுதியிருக்கே, நாலு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாத்தேன், நல்லாத்தான் இருக்கு. தேதி எழுதியிருக்கே. கடைசியில ‘முடிஞ்சா வா’ன்னு ரெண்டே வார்த்தை. அந்த ரெண்டு வார்த்தையத்தான் பன்னண்டு நாளா மென்னுகிட்டு இருக்கேன். காலையில படிச்சா, அம்மா வரணும்னு ஆசைப்படறான், கூப்பிடத்தான் கூச்சப்படறான்னு தோணுது. சாயங்காலம் அதையே படிச்சா, இவ வராம இருந்தா தேவலன்னு நினைக்கிறான், ஒப்புக்கு ஒரு வார்த்தை எழுதி வெச்சிருக்கான்னு தோணுது. போறதா வேணாமான்னு முடிவு பண்ண முடியாம, டிபன் பண்றதுக்குக் கூட மறந்து உக்காந்திருக்கேன்.

இதை உனக்கு மட்டும் அனுப்பினாப் போதும்னுதான் ஆரம்பிச்சேன். ஆனா இதுல இன்னொருத்திகிட்ட சொல்ல வேண்டியதும் இருக்கு. அவ எங்க இருக்கான்னு எனக்குத் தெரியாது. அதனால, நம்ம அம்பத்தூர் எஸ்டேட்டுல வேலை பாக்கற பொம்பளைங்க சேந்து மாசாமாசம் ஒரு சின்னப் புஸ்தகம் போடறாங்களே, அதுல போடச் சொல்லி ஒரு காப்பி குடுத்திருக்கேன். ஊரே படிக்கட்டும். ‘ஊர் முன்னாடி என்னைத் தலைகுனிய வெச்சுட்டியே’ன்னு மூணு வருஷத்துக்கு முன்னாடி உன்கிட்ட கத்தினவ, இப்ப தானாப் போய் குனியறாளேன்னு உனக்கு ஆச்சரியமா இருக்கும். படிச்சு முடிச்சுட்டு ஆச்சரியப்படு.

உங்கப்பா போனப்ப உனக்கு எட்டு வயசு. எண்பதுகள்ல எஸ்டேட்டுல புதுசு புதுசா வெளிநாட்டுக்குச் சட்டை தெச்சு அனுப்பற கம்பெனிங்க வந்துச்சு. அதுல ஒண்ணுல நான் செக்கரா சேந்தேன். அப்பல்லாம் ஒரு டெய்லரே முழுச் சட்டையையும் தெச்சுடுவாங்க. தெச்சு முடிச்ச சட்டையில, அந்த டெய்லரோட நம்பர் எழுதின ஒரு துண்டுச் சீட்டை நூலால கட்டி பண்டிலா எங்க டேபிளுக்கு அனுப்புவாங்க. ஆறு பேர் வரிசையா நின்னுகிட்டே பாப்போம். காலர் ரெண்டு முனையும் சமமா இருக்கா, கைப்பட்டி கோணலா இருக்கா, தையல் விட்டிருக்கா, பட்டன் ஆடுதா. தப்பு இருந்தா அந்த இடத்துல சிவப்பு ஸ்டிக்கர். அந்தச் சட்டை திரும்பி அந்த டெய்லர்கிட்டயே போகும். எந்த நம்பருக்கு எத்தனை திரும்பிச்சுன்னு செவுத்துல ஒரு போர்டுல எழுதுவாங்க. ரொம்பத் திரும்பினா அந்த டெய்லர் சம்பளத்துல கைவெப்பாங்க. அந்தச் சிவப்பு ஸ்டிக்கர் என் கையில இருந்துச்சு, எனக்கு அதுல ஒரு கர்வமும் இருந்துச்சு. ‘அந்தக்கா கண்ணுல மண்ணைத் தூவ முடியாது’ன்னு சொல்லுவாங்க, எனக்கு அது காதுல தேனா விழும்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து உனக்குச் சோறு போட்டுக்கிட்டே நான் புலம்புவேன், உனக்கு ஞாபகம் இருக்கும். ‘இந்த இருபத்து மூணு இருக்காளே, இன்னிக்கும் காலரைக் கோணலா தெச்சிருக்கா. இந்த இருபத்து மூணுக்கு என்னிக்குத்தான் கை வருமோ.’ நீ கூட ஒருதரம், கணக்குல இருபத்து மூணு மார்க் வாங்கிட்டு வந்து, ‘அம்மா, உன் டெய்லர் மார்க்கு வாங்கிட்டேன்’னு சிரிச்சே. நான் முதுகுல ஒண்ணு வெச்சேன். அப்புறம் நானும் சிரிச்சேன். நீ நம்பரை மட்டும்தான் கேட்டிருக்கே. அந்த நம்பருக்கு ஒரு பேர் இருந்துச்சு, அதை நான் உன்கிட்ட சொன்னதே இல்ல. அதுக்கு வரேன்.

நீ வளந்து, எல்லாரும் இன்ஜினியரிங் இன்ஜினியரிங்னு ஓடறப்ப, மனசைப் பத்திப் படிக்கறேன்னு போய் நின்னே. எனக்குப் புரியல. பைத்தியக்கார ஆஸ்பத்திரியில வேலையான்னு கேட்டேன். நீ விழுந்து விழுந்து சிரிச்சுட்டு, ‘இல்லம்மா, நல்லா இருக்கறவங்க மனசுதான் ஜாஸ்தி ஏமாத்தும், அதைத்தான் படிக்கறோம்’னு சொன்னே. லீவுக்கு வந்தா தெருவையே உக்கார வெச்சு ஆராய்ச்சி பண்ணுவே. பாதிப் பேர்கிட்ட ‘மாங்காடு கோயிலுக்கு வெள்ளிக்கிழமை முந்நூறு பேருக்கு மேல வருவாங்களா, கம்மியா வருவாங்களா? சரி, எத்தனை பேர் இருக்கும்?’னு கேட்டே. மீதிப் பேர்கிட்ட முந்நூறுக்குப் பதிலா முப்பதாயிரம்னு போட்டுக் கேட்டே. சின்ன நம்பரைக் கேட்டவங்க சின்னதா சொன்னாங்க, பெரிய நம்பரைக் கேட்டவங்க பெருசா சொன்னாங்க. யாருமே கோயில் வாசல்ல நின்னு எண்ணினதில்ல. நீ காதுல போட்ட நம்பரைச் சுத்தித்தான் எல்லாரும் நின்னாங்க. ஆனா அது உன் நம்பர்னு ஒருத்தருக்கும் தெரியல, சொந்தமா யோசிச்சுச் சொன்னதாத்தான் சத்தியம் பண்ணாங்க.

இன்னொரு வருஷம் மழைக்கு முன்னாடி, அம்பத்தூர் ஏரி இந்தத் தடவை ரொம்புமா ரொம்பாதான்னு ஆளாளுக்கு ஒரு சீட்டுல எழுதி வாங்கிட்டுப் போனே. மழை கொட்டி ஏரி ரொம்பி வழிஞ்சப்புறம் வந்து, நீங்க என்ன எழுதினீங்கன்னு கேட்டே. எல்லாரும் ‘ரொம்பும்னுதான் எழுதினேன், நான்தான் அப்பவே சொன்னேனே’ன்னாங்க. நான் எல்லாருக்கும் மேல சத்தமா சொன்னேன். நீ என் சீட்டை எடுத்துக் காட்டினே, என் கையெழுத்துல ‘ரொம்பாது’ன்னு இருந்துச்சு. நான் ஒத்துக்கிட்டேனா? ‘டேய், சீட்டை மாத்திட்டியா’ன்னு உன்னையே திருடனாக்கினேன். ‘இதுக்குத்தாம்மா முன்னாடியே எழுதி வாங்கிக்கறது, இல்லாட்டி நடந்ததுக்குத் தகுந்த மாதிரி ஞாபகமே மாறிடும்’னு நீ சொன்னே. அந்த வாரமெல்லாம் வீட்டுல ஒரே சிரிப்பு. அந்தச் சிரிப்பு இருந்த வீட்டுலதான் இப்ப நான் ஒண்டியா உக்காந்து எழுதறேன்.

அப்புறம் அந்த ஆராய்ச்சி. கம்பெனி மேனேஜர்கிட்ட நீயே போய்ப் பேசி அனுமதி வாங்கினே. எங்க ஆறு பேர்கிட்டயும், வெளிச்சம் எப்படி இருந்தா கண்ணுக்கு நல்லதுன்னு பாக்கறதா சொன்னே. உண்மைய முன்னாடியே சொன்னா ஆளுங்க உஷாராயிடுவாங்க, முடிஞ்சப்புறம் கண்டிப்பா சொல்லிடணும், அதுதான் உங்க வழக்கம்னு பின்னாடி சொன்னே. பழைய ஆர்டர்ல மிஞ்சின சட்டைகளை எடுத்து, ஒவ்வொண்ணுக்கும் உள்மடிப்புல யாருக்கும் தெரியாம ஒரு பச்சை நூல் முடிச்சு போட்டு அடையாளம் வெச்சே. திங்கக்கிழமை பதினொண்ணுன்னு சீட்டு கட்டி வந்த சட்டை, வியாழக்கிழமை இருபத்து மூணுன்னு சீட்டு கட்டித் திரும்பி வந்துச்சு. பாதிச் சட்டையை முதல்ல பதினொண்ணாவும், மீதியை முதல்ல இருபத்து மூணாவும் மாத்தி அனுப்பினியாம். இல்லாட்டி வாரக் கடைசியில அசதின்னு நாங்க சாக்கு சொல்லலாமே. பண்டிலைக் கூட நீ தூக்கிட்டு வரல, எந்தச் சட்டையில என்ன விஷயம்னே தெரியாத உன் சிநேகிதன்தான் கொண்டு வந்தான். ‘நான் கொண்டு வந்தா என் மூஞ்சியப் பாத்தே நீ கண்டுபிடிச்சுடுவேம்மா’ன்னு அப்புறம் சொன்னே. இவ்ளோ ஜாக்கிரதையா யோசிச்ச புள்ள, அந்த ரெண்டு நம்பரையும் எங்கிருந்து எடுத்தே? பதினொண்ணை நான் மெச்சுவேன், இருபத்து மூணை நான் திட்டுவேன். உனக்கு நான் சோத்தோட சேத்து ஊட்டினதைத்தான் எடுத்தே.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரம். மேனேஜர், சூப்பர்வைசர், எங்க ஆறு பேர், எட்டிப் பாத்த டெய்லருங்க, எல்லாரையும் வெச்சுக்கிட்டு நீ ஒவ்வொரு சட்டையா விரிச்சுக் காட்டினே. பச்சை முடிச்சைக் காட்டினே. ஒரே சட்டை. பதினொண்ணுன்னு வந்தப்ப என் கை அதைத் தடவிப் பாத்து அனுப்பியிருக்கு. இருபத்து மூணுன்னு வந்தப்ப, இல்லாத கோணலைக் கண்டுபிடிச்சு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு. மத்த அஞ்சு பேருக்கும் கொஞ்சம் கொஞ்சம் அப்படித்தான் இருந்துச்சு, ஆனா எனக்குத்தான் ஜாஸ்தி. பக்கத்து டேபிள்காரி வாயப் பொத்திக்கிட்டு, ‘இன்னாக்கா, கண்ணுல மண்ணைத் தூவ முடியாதுன்னாங்க, உன் கண்ணே தூவிக்கிச்சே’ன்னா. எல்லாரும் சிரிச்சாங்க. நீயும் சிரிச்சே. நான் சிரிக்கல. வீட்டுக்கு வந்ததும், ‘பெத்தவளை வெச்சு வித்தை காட்டறியாடா? இனிமே இந்த ஊட்டுப் படி ஏறாதே’ன்னு கத்தினேன். மறுநாளே பெட்டிய எடுத்துக்கிட்டு ட்ரெயின் ஏறிட்டே.

அவமானத்துல கத்தினேன்னுதான் நீ நினைச்சிருப்பே. நானும் மூணு வருஷமா எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன். இல்லடா. இப்ப சொல்றேன் கேளு.

இருபத்து மூணாம் நம்பர் பேரு மல்லிகா. மாங்காட்டுல இருந்து வரும், ரெண்டு பஸ் மாறி. ஒல்லியா, எண்ணெய் தேச்சுப் படிய வாரின தலை, பேசினா படபடன்னு பேசும். வேலைக்கு வந்த முதல் வாரம் அவ தெச்ச ஒரு பண்டில்ல காலர் நிஜமாவே கோணலா இருந்துச்சு. நான் அசதியில பாக்காம விட்டுட்டேன். அன்னிக்குன்னு பாத்து வெளிநாட்டு ஆர்டர்காரரோட ஆள் வந்து அந்தப் பண்டிலையே பிரிச்சு, எல்லார் முன்னாடியும் என்னைத் திட்டினார். அந்தக் கோவம் அவர் மேல போகல, சீட்டுல இருந்த நம்பர் மேல போயிடுச்சு. அதுக்கப்புறம் இருபத்து மூணுன்னு பாத்தாலே என் கை ஸ்டிக்கர் கிட்ட போயிடும். தேடுவேன். கிடைக்கிற வரைக்கும் தேடுவேன். பதினொண்ணாம் நம்பர் சட்டையில அந்தத் தேடல் தேடியிருந்தா அதுலயும் கிடைச்சிருக்கும், ஆனா அதுல யாரு தேடினா?

ஏழெட்டு மாசம் பொறுத்துப் பாத்தா மல்லிகா. ஒரு நாள் திரும்பி வந்த சட்டைங்களைத் தூக்கிக்கிட்டு நேரா என் டேபிளுக்கே வந்துட்டா. ‘அக்கா, இதுல இன்னா தப்பு கீதுன்னு காட்டுக்கா. காட்டினா திருத்திக்கிறேன்’னா. நான் சட்டைய வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தேன். எனக்கே தெரியல. ‘பாத்தா தெரியல? கண்ணு எங்க வெச்சிருக்கே’ன்னு அதட்டினேன். அவ என்னையே பாத்துட்டு, ‘நீ நம்பரைப் பாத்துட்டு அப்பாலதான் பீஸைப் பாக்கறேக்கா’ன்னா. நீ பெரிய பெரிய புஸ்தகம் படிச்சுக் கத்துக்கிட்டதை, ஒம்பதாவது தாண்டாத பொண்ணு மெஷின்ல உக்காந்துக்கிட்டே கண்டுபிடிச்சுட்டா.

அடுத்த வாரம் அவ என்ன பண்ணா தெரியுமா? பதினொண்ணாம் நம்பர் பொண்ணோட பேசி வெச்சுக்கிட்டு, தன் சட்டைங்கள்ல அவ சீட்டையும் அவ சட்டைங்கள்ல தன் சீட்டையும் மாத்திக் கட்டி அனுப்பிட்டா. நான் மல்லிகா தெச்சதை எல்லாம் பாஸ் பண்ணேன், பதினொண்ணு தெச்சதுக்கு ஸ்டிக்கர் ஒட்டினேன். அவ நேரா சூப்பர்வைசர்கிட்ட போய், ‘பாருங்க சார்’னு எல்லாத்தையும் சொல்லிட்டா. சீட்டு மாத்தறது கம்பெனியில பெரிய குத்தம். சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டு, ‘அந்தப் பொண்ணு சொல்றது உண்மையாம்மா, உன் பார்வையில தப்பு இருக்கா?’ன்னு கேட்டார். ‘ஆமா’ன்னு ஒரே ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தாப் போதும். ‘அவ பொய் சொல்றா சார். திருட்டுத்தனமா சீட்டு மாத்தி, நல்ல டெய்லர் பேர்ல தன் பீஸைத் தள்ளிவிடப் பாத்திருக்கா’ன்னேன். பதினொண்ணாம் நம்பர் பொண்ணு பயந்துபோய் எனக்குத் தெரியாதுன்னுட்டா. அன்னிக்குச் சாயங்காலமே மல்லிகாவை நிறுத்திட்டாங்க. அவ அழல. டப்பாவை எடுத்துப் பையில போட்டுக்கிட்டு, என் டேபிளைத் தாண்டறப்ப கூட திரும்பிப் பாக்காம போயிட்டா.

இப்பப் புரியுதா நைனா? நீ பச்சை முடிச்சைக் காட்டினப்ப நான் சட்டையப் பாக்கல. அவ பண்ணினதும் நீ பண்ணினதும் ஒரே வேலை. அவளுக்கு வேலை போச்சு, உனக்குப் பட்டம் வந்துச்சு. அவ போய் வருஷக்கணக்காச்சு, அந்த நம்பரை வேற வேற பொண்ணுங்களுக்குக் குடுத்தாச்சு, அப்பவும் என் கை அந்த நம்பரை மன்னிக்கலன்னு எல்லார் முன்னாடியும் நீ நிரூபிச்சுக் காட்டினே. மல்லிகா, மல்லிகான்னு மனசுக்குள்ள அதுதான் ஓடுச்சு. அதை உன்கிட்ட சொல்ல எனக்குத் துப்பில்ல. கத்தறது சுலபமா இருந்துச்சு, கத்திட்டேன்.

நீ போன மறுமாசம் மாங்காட்டுக்குப் போனேன். பூந்தமல்லியில இறங்கி பஸ் மாறிப் போய், கோயிலுக்குப் பின்னாடி ரெண்டு தெரு அலைஞ்சேன். அவ இருந்த இடத்துல ஓட்டு வீட்டை இடிச்சுட்டு மாடி வீடு கட்டிக்கிட்டு இருந்தாங்க. கல்யாணமாகி எங்கயோ போயிட்டான்னாங்க, இல்ல, ஆவடி பக்கம் கீறான்னாங்க. அப்புறம் ரெண்டு தடவை போனேன், கிடைக்கல. போன வருஷம் கண்ணுல தண்ணி கொட்டிக்கிட்டே இருக்கேன்னு வேலைய விட்டுட்டேன். அன்னில இருந்து வீட்டுல நானும் ரேடியோவும்தான். ஒரு ஆளுக்கு வடிக்கிற சோறு, ராத்திரிக்கும் மிஞ்சுது, மறுநாளைக்கும் மிஞ்சுது. மெயின் ரோட்டு எஸ்.டி.டி. பூத்துல போய் நின்னு உன் ஆபீஸ் நம்பரைப் போட்டுட்டு, மணி அடிச்சதும் வெச்சுட்டு வந்திருக்கேன், ஒரு தடவை ரெண்டு தடவை இல்ல. தனியா இருக்கறது கஷ்டமா இருக்குடா. இதை நான் இதுவரைக்கும் ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல.

உன் லெட்டருங்க வந்துச்சு. முதல் வருஷம் எல்லாத்தையும் படிச்சேன். எப்படிப் படிச்சேன்னு கேளு, இருபத்து மூணாம் நம்பர் சட்டையப் பாத்த மாதிரி. சீக்கிரம் வந்தா, குத்த உணர்ச்சி உறுத்துது, எழுதறான். லேட்டா வந்தா, அம்மாவை மறந்துட்டான். நீளமா இருந்தா, படிச்ச திமிரு. சின்னதா இருந்தா, அதுக்குக் கூட நேரமில்ல. ஒரு லெட்டர்ல ‘கண்ணைப் போய்க் காட்டிட்டு வா’ன்னு எழுதியிருந்தே. கண்ணு சரியில்லாமத்தான் தப்புத் தப்பா செக் பண்ணேன்னு குத்திக்காட்டறான்னு எடுத்துக்கிட்டேன். அன்னியில இருந்து உன் இன்லேண்ட் லெட்டர் எதையும் நான் பிரிக்கல. ஆமாண்டா, பிரிக்கவே இல்ல. உள்ள என்ன இருக்கும்னுதான் எனக்குத் தெரியுமே! ரெண்டு வருஷத்துல ஏழு லெட்டர், ஒட்டினது ஒட்டினபடியே அலமாரியில ஒரு பிஸ்கட் டப்பாவுல கிடந்துச்சு. இந்தக் கல்யாண லெட்டர் பெரிய கவர்ல வந்ததால, வேற யாரோன்னு பிரிச்சுட்டேன்.

போன ஞாயித்துக்கிழமை எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. பக்கத்து வீட்டு ஹசீனாக்கா புள்ள சவுதியில இருக்கான்ல, அவன் லெட்டரை அக்கா தெருவுக்கே படிச்சுக் காட்டும், அவ்ளோ பெருமை. அக்கா பொண்ணைக் கூப்பிட்டு உன் ஏழு லெட்டரையும் குடுத்தேன். ‘நீயே பிரி. இதுல இருந்து கொஞ்சம் வரி, உங்கண்ணன் எழுதினதுல இருந்து நாங்க கேக்காத வரி கொஞ்சம், எல்லாத்தையும் உன் கையெழுத்துலயே தனித்தனிச் சீட்டுல எழுதிக் கலைச்சுக் குடு. யாருதுன்னு கண்டுபிடிக்கற மாதிரி இருந்தா எழுதாதே. குடுத்துட்டு என் எதுர்ல நிக்காதே, அந்தப் பக்கம் திரும்பிக்கோ’ன்னேன். அது என்னை ஒரு மாதிரிப் பாத்துச்சு, ஆனா செஞ்சுச்சு. சீட்டுங்களைத் தரையில பரப்பி, அம்மா மேல பாசமா இருக்கற புள்ள எழுதினது ஒரு பக்கம், கடமைக்கு எழுதினது ஒரு பக்கம்னு பிரிச்சேன். ‘மழை விட்டு ரெண்டு நாளைக்கு மாடிப்படி ஏறாதே, பாசி வழுக்கும்.’ பாசம். ‘கத்திரிக்காய் வதக்கினேன், கருகிடுச்சு, வீட்டு ஞாபகத்துல அதையும் தின்னுட்டேன்.’ பாசம். ‘ஆஸ்பத்திரிக்குப் போகலைன்னா போகலைன்னே எழுது, திட்ட மாட்டேன்.’ எந்த மகராசி பெத்த புள்ளையோன்னு நினைச்சுக்கிட்டே பாசத்துல போட்டேன். மூணும் உன்னுது.

எல்லாமே அப்படி இல்ல, சொல்லிடறேன். ‘அனைவரும் நலம் என நினைக்கிறேன். வேலை அதிகம்’னு ஒரு சீட்டு வந்துச்சு, கடமையில போட்டேன். அதுவும் உன்னுதுதான். இப்ப தெரிஞ்சப்புறமும் சொல்றேன், அதை நீ கடமைக்குத்தான் எழுதியிருக்கே, ஒத்துக்கோ. ஹசீனாக்கா புள்ள சீட்டுல பாதி கடமையில விழுந்துச்சு. ‘எம் புள்ளைய இப்படிச் சொல்லிட்டியே’ன்னு அக்கா ரெண்டு நாள் என்னோட பேசல. அப்புறம் சேமியா குடுத்தனுப்புச்சு.

பொண்ணு போனப்புறம் ஏழையும் முழுசாப் படிச்சேன். ரெண்டாவது லெட்டர்ல இருந்துச்சு. ‘அம்மா, அன்னிக்கு எல்லார் முன்னாடியும் காட்டியிருக்கக் கூடாது. உன்கிட்ட முதல்ல தனியா சொல்லியிருக்கணும். சொந்தக்காரங்களை வெச்சு இதைப் பண்ணினதே தப்புன்னு எங்க சார் திட்டினார். அவர் திட்டினதுக்காக இல்ல, நீ சிரிக்காம நின்னியே, அதுக்காக மன்னிப்புக் கேக்கறேன்.’ ஒரு வார்த்தை மன்னிப்புக் கேக்கலியே, கேக்கலியேன்னு நான் உன்னை ரெண்டு வருஷமா சபிச்சுக்கிட்டு இருந்தேன். அது ரெண்டு வருஷமா என் அலமாரியிலயே இருந்துச்சு. அலமாரிக் கதவுல தலைய வெச்சுக்கிட்டு அழுதேன். பக்கத்துல யாராவது இருந்தா தேவலன்னு இருந்துச்சு, யாரும் இல்ல.

புதுசாக் குடித்தனம் பண்ணப் போறவன் நீ, ரெண்டு வார்த்தை சொல்றேன். முதல் வாரத்துல அந்தப் பொண்ணு ஏதாவது ஒண்ணைக் கோணலாப் பண்ணும். நீயும் பண்ணுவே. அதையே நம்பராக் குத்திக்கிட்டு, அப்புறம் வர்றதையெல்லாம் அந்தக் கண்ணாலயே பாக்காதே. உனக்கு இந்த வித்தையெல்லாம் தெரியும்னு நம்பி இருந்துடாதே. எனக்கும் சட்டையப் பத்தி எல்லாம் தெரியும்னுதான் நம்பிக்கிட்டு இருந்தேன். அப்புறம், பொண்டாட்டிக்கிட்ட ஆராய்ச்சி வேணாம் சாமி. பச்சை நூல் முடிச்சு போட்டு வெக்காதே, கையோட மாட்டிக்குவே.

மல்லிகா, இந்தப் புஸ்தகம் உன் கைக்கு வந்தா, இது உனக்கு. அன்னிக்குத் தப்பைக் காட்டுன்னு கேட்டே, நான் காட்டல. ஏன்னா அந்தச் சட்டையில தப்பு இல்ல. நீ சொன்னது உண்மை, சூப்பர்வைசர்கிட்ட நான் சொன்னதுதான் பொய். என்னை மன்னிக்கணும்னு கேக்க எனக்கு யோக்கியதை இல்ல. நீ திருடி இல்லன்னு உன்னைத் தெரிஞ்ச நாலு பேர் படிக்கட்டும்னுதான் எழுதறேன். பதினொண்ணாம் நம்பர் பொண்ணைக் கோவிச்சுக்காதே, அதைப் பயமுறுத்தினதும் நான்தான்.

நைனா, ‘முடிஞ்சா வா’ங்கறதை மட்டும் என்னால சீட்டுல எழுதிக் கலைச்சுப் பாக்க முடியல. அது உன்னுதுன்னு தெரிஞ்சுபோச்சு, தெரிஞ்சதை இல்லாம ஆக்க ஒரு வழியும் இல்ல. அதனால அதுக்கு அர்த்தம் தேடறதை விட்டுட்டேன். டிக்கெட் எடுத்துட்டேன். கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில வந்து இறங்கறேன். வேணாம்னுதான் எழுதினேன்னா, அங்கேயே என்கிட்ட சொல்லிடு, அடுத்த வண்டியில திரும்பிடறேன், நிஜமாத்தான் சொல்றேன். ஆனா நான் இறங்கறப்ப என் மூஞ்சியப் பாத்து நீயா எதையும் முடிவு பண்ணிடாதே. இத்தனை வருஷம் தப்புத் தேடித் தேடி என் புருவம் அப்படியே சுருங்கி நின்னுபோச்சு, சந்தோஷமா இருந்தாலும் கோவமா இருக்கற மாதிரிதான் இருக்கும். அன்னிக்கு டேபிள்கிட்ட நான் சிரிக்காம நின்னதை நீ பாத்தே, ஏன்னு கேக்கல. கேட்டிருந்தா மல்லிகான்னு சொல்லியிருப்பேனோ என்னவோ. இந்தத் தடவை கேளுடா. அந்தப் பொண்ணு பக்கத்துல நின்னாலும் பரவால்ல, ‘ஏம்மா மூஞ்சி இப்படி இருக்கு’ன்னு வாயத் தொறந்து கேளு. பயமா இருக்குடான்னு சொல்றேன்.

அம்மா